உறவுமுறை: தானே

பத்தரைக்கு அம்புலன்ஸ் என்றார்கள்.
வந்தது ஒன்று ஐம்பதுக்கு.
அதற்கிடையில் இரத்தினசோதி
மூன்று தரம் சேட்டுப் பொத்தானைக்
கழற்றிப் பூட்டிவிட்டார்.

இனிச் செய்ய ஒண்டுமில்லை என்பதை
டொக்டர் பிள்ளை நல்லாகத்தான் சொன்னா.
கட்டில் விளிம்பில் இருந்து, கையைப் பிடித்து,
நோவுக்கு மருந்து தருவினம்,
மாங்குளத்தில் நல்ல இடம், ஜன்னல் பக்கம் என்று.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"அங்கை தண்ணி என்ன மாதிரி?
குழாய்க்கிணறோ, வெட்டுக்கிணறோ?"

படிவத்தில்
வயது ஐம்பத்தொன்று.
தொழில், தண்ணிப் பம்பு திருத்துதல்.
காந்தப் படம் ஏன் எடுக்கவில்லை என்ற இடத்தில்
உடம்பினுள் இரும்பு, ஐந்து துண்டு.
அதற்கு மேல் யாரும் எழுதவில்லை.
கீழே: பொறுப்பேற்பவர்.
ரொறன்ரோவில் தங்கச்சிக்கு நடுச்சாமம்,
போன் அடித்து அடித்து ஓய்ந்தது.
மிஸ்ஸி பேனையைக் கடித்தபடி என்னைப் பார்த்தா.
நான் ட்ரொலி தள்ளுகிறவன்,
என் கையெழுத்து செல்லாது.
"இஞ்ச கொண்டாங்கோ" என்று
அவரே வாங்கிப் போட்டார்.
உறவுமுறை: தானே.
ஒருவரும் வெட்டவில்லை.

முறிகண்டியில் எந்த வாகனமும் நிற்கும்.
அவசரமில்லாத அம்புலன்சும் நிற்கும்.
சாரதி கற்பூரம் கொளுத்தப் போக
நான் பழக்கத்தில் கச்சான் வாங்கினேன்.
பிறகுதான் அவரின் தொண்டை ஞாபகம் வந்தது.
சரையை மறைக்கப் பார்த்தேன்.
"தா" என்றார்.
சூடு ஆறும் மட்டும்
வயிற்றில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஆறு கட்டில்.
சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தவர்
எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.
தவக்கொடி மோர்பின் பாணிப் போத்தலை
வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தாள்,
பொறுப்பேற்றேன் என்று ஒப்பம் வைத்தாள்.
ட்ரொலியை மடித்து, "போட்டு வாறன் அண்ணை" என்றேன்.
கையைத் தூக்கினார், பொறு.

பின்வளவில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.
எனக்கு அது வெறும் சத்தம்.
அவர் கண்ணை மூடி
நாடி பார்ப்பவர் போலக் கிடந்தார்.
"காத்திழுக்குது. அடி வால்வு போட்டுது.
ஆரைக் கொண்டு பூட்டினவங்கள்?"
பதினேழு நாளில் முதல்தரம்
அந்த முகத்தில் கோபம் கண்டேன்.

திரும்பி வந்தால் பதினோராம் கட்டிலில் வேறு ஆள்.
லொக்கருக்குள் ஒரு சில்வர் கப்,
அடியில் ஆணியால் கீறிய இ.சோ.

மறுகிழமை இன்னொருவரை ஏற்றிப் போகையில்
கப்பையும் கொண்டு போனேன்.
படலையிலேயே என் காது பம்பைத் தேடியது.
ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தது.
"கதிரையில தூக்கிக்கொண்டுபோய் இருத்தினனாங்கள்.
திருத்த வந்த பொடியனுக்கு நல்ல பேச்சு" என்றாள் தவக்கொடி.
"இப்ப நித்திரை. இப்ப கூடுதலா நித்திரைதான்.
எழுப்பவோ?"

வேண்டாம் என்றேன்.
கப்பைத் தலைமாட்டில் வைத்தேன்.
பக்கத்தில் கச்சான் சரை
வெறுமையாய், மடித்தபடி கிடந்தது.
ஆர் திண்டது என்று கேட்கவில்லை.
வெளியே புதியவர்
வெயிலில் காத்திருந்தார்.