எந்தப் படம்?

கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக்
கட்டிக்கொண்டுதான்
மீட்டர் கணக்கெடுக்கப் போகிறேன்.
கெண்டைக்கால் தெரியும். தெரியட்டும்.
ஸ்கூட்டிச் சக்கரத்தில் சிக்காது,
நாய் துரத்தினால் மதிலேறலாம்.

தேவகோட்டை ரஸ்தாவில் பெட்ரோல் போடுகிற பையன்
தினமும் கேட்கிறான்:
"எந்தப் படம்க்கா?"
மூன்று வருஷமாக
ஒரே படம்தான், தம்பி.

சுடிதார் போட்டால் வயசு குறையும் என்கிறார்
ஆபீஸில் உமையாள் மேடம்.
குறைத்து என்ன செய்ய,
இன்க்ரிமென்ட் தருவார்களா?

நேற்று கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு.
வாசலில் வேன்கள், வளவெல்லாம் விளக்கு,
என்னைப் போலவே கட்டிய நாற்பது பெண்கள்.
முகத்தைப் பார்க்காமலே ஒருவன்
பித்தளைக் குடத்தை என் இடுப்பில் திணித்தான்.
வாயில் ஊக்கைக் கவ்விய ஒருத்தி
சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினாள்:
"ஒரிஜினலா இல்லையே.
அந்தக் காலத்துல இப்படியா கட்டுவாங்க?"

குடத்தை இறக்கிவைத்துவிட்டு
பட்டாசாலைச் சுவரில் மீட்டரைப் பார்த்தேன்.
இணைப்பு வீட்டுக்கானது,
எரிகிற விளக்கோ சினிமாவுக்கு.
குறித்துக்கொண்டேன்.

"ஏம்மா கட்டம்போட்ட சேலை,
ஃபிரேமை விட்டு வெளியே போம்மா!"

போய்க்கொண்டுதான் இருந்தேன்.
அடுத்த தெருவில்
இன்னும் பதினேழு வீடு.