அளவு பார்க்கும் இடுப்பு

மேலப்பாளையத்தில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்
நீல அட்டை போட்ட ஒரு நோட்டு.
அதில்தான் எந்த மாஸ்டருக்கு எந்த நிறம்
எதற்குப் பிறகு வரும் என்று எழுதியிருக்கிறேன்.

வண்ணார்பேட்டையில்
வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று ஏறும்.
கே.டி.சி. நகரில் ஆரஞ்சே கிடையாது,
மஞ்சளில் இருந்து ஒரே தாவில் பச்சை.
அம்பாசமுத்திரத்துக்காரர்
பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில்
கத்திரிப்பூ நிறத்தைச் செருகியிருக்கிறார்.
சங்கரன்கோவிலில் அதே கத்திரிப்பூ
நீலத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
வீரவநல்லூரிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அரை நிறம்,
நுனியில் ஒரு விரல் அகலப் பட்டை.
அரை நிறத்துக்கும் பரீட்சை உண்டு,
பரீட்சைக்குக் கட்டணம் உண்டு.
எனக்குத் தரவேண்டிய ஆயிரத்து எண்ணூறு மட்டும்
அடுத்த பரீட்சைக்கு, அடுத்த பரீட்சைக்கு.

எந்த நிறம் பெரிசு என்று கேட்டால்
எந்த ஊருக்கு பஸ் ஏறுகிறாய் என்பேன்.

உள்ளே வைப்பது எல்லாருக்கும் ஒரே காடாத்துணி.
மேலே எட்டு வரி தையல்.
கே.டி.சி. நகருக்கு மட்டும் பத்து.
அவர் எண்ணிப் பார்ப்பார்.

நோன்புப் பெருநாள் கழிந்த புதன்கிழமை
ஜெபக்கனி வந்தாள்.
வள்ளியூரில் பிரவுன் பெல்ட் கட்டியவள்.
அப்பாவுக்கு மின்வாரியத்தில் மாற்றல்.
பாளையங்கோட்டையில் புது மாஸ்டர்
அவள் உதையைப் பார்த்தாராம்,
நல்லா இருக்கு என்றாராம்,
"எங்க முறையில இது பச்சை" என்றாராம்.

பதினாலு வயசு. அழவில்லை.
ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வைப்பதுபோல
பெல்ட்டை என் மேசையில் வைத்தாள்.
"பச்சையில ஒண்ணு தச்சுத் தாங்கக்கா."
நடைவரை போனவள் திரும்பினாள்.
"புதுசு வேண்டாம். இதுமேலயே
பச்சையப் போத்தித் தச்சிர முடியுமா?"

ஊசி இரண்டு முறிந்தது.
முடித்துத் தூக்கிப் பார்த்தால் நனைந்த சாக்குக் கனம்.
"முடிச்சு விழாது, புள்ள" என்றேன்.
"விழ வைக்கேன்" என்றாள்.
நாற்பது ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் விட்டிருந்தால்
அவள் அந்த பெல்ட்டைக் கட்டியிருக்க மாட்டாள்.

மூன்று மாதம் கழித்து அந்த மாஸ்டரே
போனில் கேட்டார்:
"ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏம்மா உலக்கை மாதிரி தச்சிருக்கிய?"
"வேர்வை குடிச்சா கனக்கும் சார்."
பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.
போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினேன்.
அங்கே பச்சைக்கு அடுத்து நீலம்.
அதையும் இதன்மேலேயே போத்தச் சொல்வாளோ?
பெரிய நம்பர் ஊசி
ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.

கருப்பு பெல்ட்டுக்கு மட்டும்
டேப்பை நம்புவதில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு
என் இடுப்பில்தான் அளவு பார்ப்பேன்.
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு,
இரண்டு நுனியும் சமமாகத் தொங்க வேண்டும்.
பத்து வருஷம் வியர்த்து வாங்குகிறவர்கள்
கட்டும் முன்னே
முதலில் கட்டியவள் நான்.
எனக்கு ஒரு குத்தும் தெரியாது.

நேற்று அப்படிக் கட்டி நின்றபோது
என்ன தோன்றியதோ,
வலது காலை வீசினேன்.
கத்திரி பறந்தது, நூல்கண்டுகள் உருண்டன,
பாபின் டப்பா கட்டிலுக்கடியில் போய்க் கவிழ்ந்தது.

"என்ன மீராள், என்ன சத்தம்?"
சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து குரல்.
"பூனை, லாத்தா."

முடிச்சை அவிழ்த்து, நீவி மடித்து,
பிளாஸ்டிக் உறையில் போட்டேன்.
சங்கரன்கோவில், ஒன்று, பாக்கி இல்லை
என்று எழுதினேன்.
குதிகால் இன்னும் வலிக்கிறது.