கப்பலில் வந்த முதலிடம்

சவுத்தாம்ப்டனில் ஏறிய பத்திரிகைக் கட்டு
டர்பன் துறைமுகத்தில் இறங்கி
கிரே தெருவில் எங்கள் கடைக்கு வரும்போது
முதலிடத்துக்கு மூன்று வாரம் வயதாகியிருக்கும்.
லண்டனில் அது படியிறங்கிப் போயே போயிருக்கும்.
இங்கே அப்போதுதான்
நான் சாக்பீஸைக் கூராக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவேன்.
பலகையில் பத்து வரி.
ஒன்றாம் எண்ணுக்கு மட்டும் மஞ்சள்.

அறுபத்து நாலில் ஒரு சனிக்கிழமை
இரண்டு பத்திரிகை ஒரே கட்டில்.
சிவப்புத் தலைப்பு சொன்னது,
கைதட்டலோடு தொடங்குகிற பாட்டு முதலிடம்.
கறுப்புத் தலைப்பு சொன்னது,
அது இரண்டு. முதலிடம் அந்த விசும்பல்காரிக்கு.

பூபாலன் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவன்.
கைதட்டலுக்கு ஐந்து ரேண்டு கட்டினான்.
நான் விசும்பலுக்கு.
என் வாரக் கூலியில் பாதிக்குமேல் அது.
ஒரு உறையில் இரண்டு கத்தியா என்று சிரித்த முதலாளி
இரண்டு நோட்டையும்
விற்காத ஒரு இசைத்தட்டின் உறைக்குள் சொருகினார்.

பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப்
பொடியெழுத்தைப் படித்தார்.
இவர்கள் சில கடைகளுக்கு டெலிபோன் போடுகிறார்கள்.
அவர்கள் வேறு சில கடைகளின் கடிதத்தைக் கூட்டுகிறார்கள்.
இவர்களுக்குச் சனி, அவர்களுக்குத் திங்கள்.
லீட்ஸில் எவனோ தேநீருக்குப் போயிருந்தால்
ஒரு பாட்டு ஒரு படி சறுக்கும்.
அவ்வளவுதானம்மா, என்றார்.

எங்கள் கடைக்கு யாரும் டெலிபோன் போட்டதில்லை.
போட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
இந்த வாரம் அதிகம் போனது
ஒரு நாதஸ்வரத் தட்டு.
கல்யாண மாதம்.

பலகையில் இரண்டையும் ஒன்று என்றே எழுதினேன், மஞ்சளில்.
அடுத்த வரி மூன்று.
இரண்டு எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்
சாஸ்திரி காலேஜ் கணக்கு வாத்தியார்,
எதுவும் வாங்காமல்.

பூபாலனுக்கு இதெல்லாம் புதிதில்லை.
அவன் அண்ணன் கவுண்டன். இவன் கோவெண்டர்.
ஒரே தகப்பன், இரண்டு குமாஸ்தா.

வருஷக் கடைசியில்
மேவில்லில் எங்கள் தெருவுக்குப் பட்டியல் வந்தது.
ஒன்றில் எங்கள் வீட்டு எண் இருந்தது.
மற்றதில் இல்லை.
இல்லாததை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு
அலுவலகத்தில், எங்களுக்கான ஜன்னலில், காலை முழுக்க நின்றேன்.
ஜன்னலுக்குள்ளிருந்தவன் இரண்டையும் திருப்பிப் பார்த்தான்.
லாரிக்காரனிடம் எது இருக்கோ அதுதான், என்றான்.
லாரிக்காரனிடம் நாங்கள் இருந்தோம்.
சாட்ஸ்வர்த்தில் இறக்கியபோது
அலமாரியின் ஒரு கதவைக் காணோம்.
அதை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

நேற்று பூபாலன் போன் செய்தான்.
முப்பது வருஷத்துக்குப் பிறகு.
லண்டனில் பெரிய புத்தகம் போட்டிருக்கிறானாம்,
மகன் வாங்கிவந்தானாம், செங்கல் கனம்.
பழைய காலத்துக்கெல்லாம்
கறுப்புத் தலைப்பையே கணக்கில் எடுத்துக்கொண்டார்களாம்.
கைதட்டல் ஒருநாளும் முதலிடத்தில் இருந்ததே இல்லையாம்.
நீதான் ஜெயித்தாய் மோகாம்பரி, என்றான்,
யாரோ செத்ததைச் சொல்கிற குரலில்.

அந்த உறை என்னிடம்தான் இருக்கிறது.
கடை மூடிய அன்று முதலாளி கொடுத்தது.
பத்து ரேண்டும் உள்ளே, எந்தக் கடையும் வாங்காத நோட்டு.
பலகையில் இரண்டுமே மஞ்சள்தானே, என்றேன்.
என் எழுத்து. நான் அழிக்கவில்லை, மழை அழித்தது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு அந்த முனையில் அவன் கைதட்டினான்.
மூன்று தட்டு, இடைவெளி, ஒன்று.
ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டிருப்பான்,
இடைவெளி கொஞ்சம் நீண்டுவிட்டது.
பதிலுக்கு என் விசும்பலைத் தொடங்கப் பார்த்தேன்.
தும்மல்தான் வந்தது.