செவ்வாய்க்கிழமை, ஆறு கிலோவாட்

சௌனா அடுப்பின் கோடு எனக்குத் தெரியும்.
வேறெதுவும் அப்படி எழாது.
கெட்டில் ஒரு விக்கல்.
சலவை இயந்திரம் தூக்கத்தில் புரளும் ஆள்.
அடுப்போ ஒரே தாவலில் ஆறு கிலோவாட் ஏறி
ஒன்றரை மணி நேரம் மேசைபோல நிற்கும்.
யோயென்சூவில் சனிக்கிழமை மாலையென்றால்
எங்கள் மின்நிறுவனத் திரை முழுக்க மேசைகள்.

மிர்வா வந்தது நவம்பரில்,
மூன்று மணிக்கே இருட்டிவிட்ட நாள்.
கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
"செவ்வாய்க்கிழமை சௌனா போட்டேன்.
புதன் காலை கூப்பிட்டுக் கேட்கிறான்,
யாருக்காக என்று."

யார்க்கோ வீட்டைவிட்டுப் போய் ஏழு மாதம்.
சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனான்.
ஒப்பந்தம் அவன் பெயரில்,
செயலி அவன் கைபேசியில்.
இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்
அவள் எந்நேரம் எழுகிறாள்,
எந்த இரவு விளக்கு அணையவேயில்லை,
எந்த வாரயிறுதியில் வீடு
ஃபிரிட்ஜின் மூச்சோடு மட்டும் கிடந்தது,
எல்லாம் அவனுக்கு நீலப் பட்டைகளாக.
சுவருக்குக் காது உண்டென்பார்கள்.
இந்தச் சுவர் எழுதவும் கற்றிருந்தது,
கால் மணிக்கொரு வரி.

"ஒப்பந்தக்காரரின் ஒப்புதல் வேண்டும்" என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது என் காதில் விழுந்தது.

குடியிருப்பவர் தன் பெயரில் புதிதாகப் போட்டால்
பழையது தானே முடியும்.
விதியில் இருந்தது, பதினோராம் பக்கத்தில்;
இத்தனை வருடம் நான் புரட்டாத பக்கம்.
நாற்பது நிமிடம். மூன்று கையெழுத்து.
அவன் திரையில் இனி
அந்த வீடு இல்லை.
போகும்போது ஒரு கையுறையை மறந்துபோனாள்,
திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.
நன்றி சொன்னதாக நினைவில்லை.
எதற்குச் சொல்ல வேண்டும்?

அடுத்த வாரம்,
காப்பி இன்னும் சூடாக இருந்தபோது,
அவள் மீட்டர் எண்ணைத் தட்டினேன்.
எண் மனப்பாடமாகியிருந்தது, அவ்வளவுதான்.
செவ்வாய் மாலை ஏழிலிருந்து எட்டரை வரை
மேசை இருந்தது. அழகாக, மட்டமாக.
எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு திரையின் அடியில் சிறு பெட்டி ஒன்று கேட்டது:
பார்த்ததற்குக் காரணம்?

அக்கறை என்று எழுதினேன்.
அழித்தேன்.
அவனிடம் கேட்டிருந்தாலும்
அந்தச் சொல்லைத்தான் எழுதியிருப்பான்.

"இல்லை" என்று தட்டினேன்.
பெட்டி ஏற்றுக்கொண்டு
என் பெயரையும் நேரத்தையும் பதிந்துகொண்டது:
புதன், காலை எட்டு ஐந்து.