கொக்கு

நாற்பது பலகையில ஏழு செத்துத் திரும்பி வந்திருக்கு.
கடைசி ஒண்டு ஒட்டுசுட்டானில இருந்து,
சோதிநாதன் அண்ணை உரப்பைக்குள்ள சுத்தி
மோட்டார்சைக்கிளில கட்டிக் கொண்டுவந்தது.
வேலியில மின் இல்லாத இரவு
யானை அவற்ற கச்சான் தோட்டத்துக்குள்ள
நடந்து போயிருக்கு, அவசரமில்லாமல்.
"கம்பியைத் தொட்டுப் பாத்திட்டுத்தான் வந்தது, தங்கச்சி.
அதுக்கும் செக் பண்ணத் தெரியும்."

உருப்பெருக்கிக்குக் கீழ வைக்கிறன்.
பதினாலாம் இலக்கக் கொள்ளளவி
ஒரு முனையில எழும்பி நிக்குது.
அரிசிக் குறுணலிலும் சின்னன்.
மற்ற முனை காத்தில.

ஆங்கிலக் கையேட்டில இதுக்கொரு பேர் இருக்கு.
கஜீபன் அகராதியில பாத்து
நடுகல்லா, கல்லறைக் கல்லா எண்டு
கேக்கத் தொடங்கிப் பாதியில நிப்பாட்டினான்.
ஆரும் ஒண்டும் சொல்லேல்லை,
வெளியில ஏ-ஒன்பது வீதியால
ஒரு லொறி போய் முடியும் வரைக்கும்.
பிறகு தர்மிகா பதிவேட்டை இழுத்து
பிழையின் வகை எண்ட கட்டத்துக்குள்ள
கொக்கு எண்டு எழுதினாள்.
அண்டையில இருந்து மாங்குளத்தில அது கொக்கு.
வயல் வரம்பில, ஒற்றைக்காலில.
அவ்வளவுந்தான்.

முதல் பழி பசைக்கு.
பதினொரு மணித்தியாலம் கரண்ட் நிண்டதில
குளிர்ப்பெட்டிக்குள்ள ஈயப்பசை பழுதாப்போச்சு எண்டம்.
புது டப்பா எடுத்தம். திறக்க முன்னம்
நாலு மணித்தியாலம் மேசையில வெளியில வைச்சம்.
கொக்கு நிண்டது.
பிறகு பழி கார்த்திகை மழைக்கு.
ஈரம் ஏறினா ஈயம் மணிமணியாத் தெறிக்கும்,
கடுகு தாளிச்ச மாதிரி.
ஒரு மணியும் தெறிக்கேல்லை.
பிறகு கஜீபனுக்கு,
இடுக்கி பிடிக்கிற கை நடுங்குது எண்டு.
அவன் கையை நீட்டிக் காட்டினான்.
நடுங்குதுதான்.
"அப்ப மற்ற அறுபது துண்டும்
படுத்துத்தானே கிடக்கு?"

ஏழு பலகையையும் வரிசையா வைச்சன்.
ஏழிலும் பதினாலு.
எப்பவும் அதே பக்கம் தூக்கினபடி.

பிழை கையில இல்லை, கீறின படத்தில.
படம் கீறினது நான்.

ஒரு பக்கத்துக்கு நூல் மாதிரித் தடம்.
மற்றப் பக்கத்தை நிலச் செம்போட
அகலமாச் சேர்த்து விட்டிருக்கிறன்,
நல்லாப் பிடிக்கட்டும் எண்டு.
அடுப்புக்குள்ள அந்தப் பெரிய செம்பு
வெக்கையை முழுக்கக் குடிச்சிடும்.
நூல் பக்கத்து ஈயம் முந்தி உருகும்.
மேற்பரப்பு இழுவை,
உயர்தரத்தில பாடமாக்கி எழுதின ஒண்டு,
துண்டை ஒரு பக்கத்தால பிடிச்சு இழுத்து
நிமித்திப்போடும்.
மற்றப் பக்கம் உருகி வரேக்க
பிடிக்க அங்க ஒண்டும் இல்லை.
மூண்டு செக்கன். அதுக்குள்ள முடிஞ்சிடும்.

கஜீபனிட்டைச் சொல்லவேணும். சொன்னன்.
"ஓ" எண்டான்.
தேத்தண்ணி கேட்டான். போட்டுக் குடுத்தன்.

புதுப் படத்தில நிலச் செம்பை வெட்டி
நாலு ஒடுங்கின பாலம் மட்டும் விட்டிருக்கு.
கையில மிஞ்சின பழைய பலகையளுக்கு
அடுப்பை நூற்றியைம்பதில
ஒண்டரை நிமிசம் பொறுக்க வைக்கிறம்.
ரெண்டு பக்கமும் சேந்து சூடாகட்டும்.
இருபத்திமூண்டு போட்டு எடுத்தாச்சு. கொக்கு இல்லை.

சோதிநாதன் அண்ணையின்ர துண்டை
சுடுகாத்து ஊதி, நானே படுக்க வைச்சன்.
இரவு பத்துக்கு எடுத்தார். ஒண்டும் கதைக்கேல்லை,
போனை வேலிப் பெட்டிக்குக் கிட்டப் பிடிச்சார்.
டிக்.
டிக்.
பின்னால தவளையள்.

இண்டைக்கு நெடுங்கேணியில இருந்து எட்டாவது வந்திருக்கு.
எல்லாத் துண்டும் படுத்துக் கிடக்கு.
ஈயம் மினுங்குது.
இஞ்ச மேசையில வேலை செய்யுது,
அங்க செய்யேல்லையாம்.
தர்மிகா பேனையைத் திறந்து வைச்சுக்கொண்டு
கட்டத்துக்குள்ள என்ன எழுத எண்டு கேக்கிறாள்.