மூணாவது சீட்

வண்டியில் மூன்று இருக்கைகள்.
ஸ்டீயரிங் பெர்ஜினுக்கு. குளச்சலில் ஏலம் முடிந்து
ஒன்பதரைக்கு மேல்தான் வருவான்,
வந்ததும் கிளட்ச் இல்லாத வண்டியில் கிளட்ச் மிதிப்பான்.
துப்பாக்கி ரெதீஷுக்கு. அருமனைக்காரன்,
தோட்டா தீர்ந்த பிறகும் சுடுவான்.
எனக்கு ஜன்னல்.

என் இருக்கையில் பொத்தான்கள் வேலை செய்யாது.
தலையைத் திருப்பலாம். இறங்கலாம்.
அவ்வளவுதான் கொடுத்திருக்கிறார்கள்.
தக்கலை ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் பில் போட்டுவிட்டு
இரவு பத்துக்கு ஹெட்செட் மாட்டிக்கொண்டு
நான் தலையைத் திருப்புகிறேன்.

பின்னால் காடு,
ரப்பர் தோட்டம் மாதிரி வரிசை வரிசையாய்.
"வலப்பக்கம் சுவர். சுவர் மேல ஒருத்தன்,
தோளுல குழாய். அங்கோட்டு வேண்டாம், இங்கோட்டு ஒடி."
வண்டி ஒடிகிறது.
ராக்கெட் ஒரு முழம் தள்ளி மண்ணைத் தின்கிறது.
ரெதீஷ் அவனைச் சுடுகிறான்.
பட்டியலில் ரெதீஷுக்கு ஒன்று கூடுகிறது.
எனக்கு நேரே முட்டை,
அடைகாத்தாலும் பொரியாத முட்டை.

புகை வந்தால் முதலில் இறங்குவது நான்.
குறட்டோடு சக்கரத்தருகே குந்துவேன்.
வண்டி தேறும், நான் சாவேன்.
"எட்டி, சும்மாதான இருக்க,
வேற கேம் ஆடப்பிடாதா?"
சும்மாதான் இருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டு.

"நில்லு" என்றால் பெர்ஜினுக்குக் காது கேட்காது.
"ஹோல்டான்" என்றால் நிற்பான்.
மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில்
பின்னோக்கி வரும் பேருந்தின் முதுகைத் தட்டியபடி
கண்டக்டர் கூடவே நடப்பாரே,
வரட்டும்... வரட்டும்...
அங்கிருந்து எடுத்ததுதான் அந்தச் சொல்,
கேட்டு வாங்கிய மீதிச் சில்லறை போல.

நேற்று மழை. குளச்சலில் கரண்ட் போனது.
பாலத்தின் நடுவில் பெர்ஜின் பெயர் சாம்பலாகி
இல்லாமல் போனது.
ஆளில்லா வண்டி உறுமிக்கொண்டே நின்றது.
"நீ ஓட்டுட்டி! சவத்த, ஓட்டு!"
ஒரே பொத்தான். இடம் மாறினேன்.

அடடா,
முன்னால் மட்டும் பார்ப்பது எவ்வளவு சுகம்!
பாலம் முழுக்க எனக்கு,
அக்கரையில் கொடி எனக்கு.
நான்கு நொடி.

பிறகு பின்னாலிருந்து.

யாரும் சொல்லவில்லை.
ஜன்னலில் யார் இருந்தார்கள் சொல்ல?

திரை கறுத்தது.
ஹெட்செட்டில் ரெதீஷின் மூச்சும்
அவன் வீட்டு ஓட்டில் மழையும்.
"பின்னால வந்தது தெரியல்ல," என்றான் கடைசியில்.
"எனக்கும்."

பதினொன்றேகாலுக்கு பெர்ஜின் வந்தான்,
லேப்டாப்பில், போன் நெட்டில், விட்டுவிட்டுக் கேட்கும் குரலில்.
"எதுவர போனீங்க?"
"பாலம் தாண்டல்ல."

அடுத்த ஆட்டத்தில் ரெதீஷ் துப்பாக்கிக்கு ஏறவில்லை.
என் இருக்கையில் உட்கார்ந்தான்,
ஒவ்வொரு பொத்தானாய் அமுக்கினான்.
"இதுல ஒண்ணும் இல்லியே."
தலையைத் திருப்பு, என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"லேய்... காடு இவ்வளவு பெருசா?"

ஹோல்டான்.
எழும்பு, அது எனக்க சீட்.