சாளை வீடு

பலகையில் எழுதியது ஷலே.
மணற்காட்டுச் சனம் வாசித்தது சாளை.
மீன்பிடிக்கிற ஊரில் அதிலென்ன பிழை?
சாளை வீட்டில்தான் எனக்குச் சமையல்,
மாதம் நாற்பத்தையாயிரம்,
ஞாயிறு பூசைக்கு லீவு.

கூரை இரண்டு பக்கமும் செங்குத்தாய் இறங்கும்.
"பனி தங்காமல் வழுக்கி விழவேணும், மெற்றில்டா"
என்பார் யேசுரட்ணம்.
இதுவரை விழுந்தது
ஒரு அணில், இரண்டு பட்டம்,
கூடை கூடையாய்ச் சவுக்கஞ் சருகு.

ஆவணியில் ஆட்கள் வருவினம்,
பேர்ணிலிருந்து, ரொறன்ரோவிலிருந்து, கொழும்பிலிருந்து.
ஏசியைப் பதினாறில் விட்டு
கம்பளிக்குள் சுருண்டு
கண்ணாடிக்கு வெளியே எங்கள் வெயிலைப் பார்ப்பினம்.
ஏழரைக்குக் கோப்பி, முட்டை, பாண்.
நாலு மணிக்குக் கேக்.
இரவில் உருகின சீஸ்,
நீட்டுக் கம்பியில் பாண்துண்டைக் குத்தித் தோய்க்க.
முதல்நாள் அந்த மணம் எனக்கு
மூன்றுநாள் காயாத வலை.
இப்போது ஒரு பச்சைமிளகாயைக் கீறிப் போட்டு
ஆருக்கும் தெரியாமல் எடுத்துவிடுகிறேன்.
"சுவிசிலகூட இப்பிடிச் சாப்பிடேல்லை" என்பினம்.
அவர் என்னைப் பார்ப்பார்.
நான் சட்டியைப் பார்ப்பேன்.

விறாந்தைச் சுவரில்
நுனி வளைந்த இரண்டு சிவப்புப் பலகை.
கால் முறிந்த ஒரு வெள்ளைக்காரன்
விட்டுப் போனதாம், சப்பாத்தோடு.
அதன் கீழே நின்று படம் எடுப்பினம்.
"எத்தனை வருசம் சறுக்கினீங்கள், அங்கிள்?"
"பத்தொன்பது பனிக்காலம்."
பொய்யில்லை.
இருந்தது பத்தொன்பது.

ஜெனரேற்றரும் படுத்த ஓரிரவில்தான்
குசினி வாசலில் இருந்து சொன்னார்:
காலைச் சாப்பாடு முடியப் பத்துமணி.
பன்னிரண்டு கட்டில் விரிக்க ஒருமணி.
கேக் வேகிற நேரம் பாத்திரம்.
மலையால் இறங்கி வந்து அவர்கள் கழற்றுகிற
இருபத்துநாலு சப்பாத்தையும்
சூட்டுக் குழாயில் கவிழ்த்துக் காயவைக்கவேணும்.
ஒவ்வொன்றிலும் ஒரு சிறங்கை பனித்தண்ணி.
யன்னல் கழுவும்போது மலை தெரியும்.
"வடிவோ?" என்று கேட்டேன்.
"கழுவின பிறகு வடிவு."

நேற்று கடைசி வானும் போனது.
கம்பளிகளை வெயிலில் போட்டுவிட்டு வர
சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

மணலில் மூடுண்ட பழைய கோயிலுக்கு அங்கால்
உயர்ந்த மேட்டின் உச்சியில் நின்றார்.
அறுபத்திரண்டு வயது.
மடித்துக் கட்டின சாரத்துக்குக் கீழே
முழங்கால்வரை அந்தச் சப்பாத்து.
ஆடு மேய்க்கிற பொடியள் நாலுபேர்
வாய் பிளந்து கீழே.

தள்ளினார்.
பலகை நின்றது, ஆள் மட்டும் வந்தார்.
மணலுக்குப் பிடிக்கத்தான் தெரியும்,
விடத் தெரியாது.

"மெழுகு பூசிப் பாருங்கோ" என்றான் ஒருத்தன்.
களுசான் பைக்குள்
அந்தோனியாருக்கு ஏற்றி மிஞ்சின திரிக்கட்டைகள்,
ஏன் வைத்திருந்தானோ.
ஐந்துபேரும் குந்தியிருந்து தேய்த்தார்கள்,
வள்ளத்துக்குப் பிசின் பூசுகிற கவனத்தோடு.

இரண்டாந்தரம்
ஒரு வள்ளத்தின் நீளம்.
மூன்றாந்தரம் சோளகம் முதுகில் தள்ள
நாலு வள்ளம், ஐந்து,
சாரம் பாயாய் உப்ப,
எண்ணுவதை விட்டு நான் கத்தினேன்,
என்ன கத்தினேனென்று தெரியாது.

பிறகு பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

ஓடிப்போனேன். மல்லாந்து கிடந்தார்,
மீசையெல்லாம் மணல்,
கண் வானத்தில்.
செத்துப்போனாரென்றே நினைத்தேன்.
"நாலு மணி ஆச்சோ, பிள்ளை?"
"ஆச்சு. கேக் போடேல்லை."
"நல்லது" என்றார்.
எழும்பவில்லை.

பொழுதுபடப் பின்கதவடியில்
சப்பாத்துகளைக் கவிழ்த்தேன்.
ஒவ்வொன்றிலும் ஒரு சிறங்கை மணல்.
காயவைக்கத் தேவையில்லை,
உள்ளுக்குள்
இன்னும் சுட்டது.